எதுக்கால என்ன வண்டி?

“மாடுங்ணா. மாடு. ரோட்டு நடுவுல படுத்திருக்குது, நிறுத்துங்க.”

முன் சீட்டிலிருந்து லோகப்பிரியா கத்தினாள். ஸ்கூல் பஸ் முனகி நின்றபோது பம்பருக்கும் மாட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைய இடமில்லை. பின்னால் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து சிரித்தார்கள். ஹெட்லைட் வெளிச்சம் மாட்டின் முகத்திலேயே அடித்தது. டிரைவர் நஞ்சுண்டனோ ஓரத்துப் புளியமரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“போயிருச்சா கண்ணு?”

மாடு எழுந்திருக்கவே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த விளையாட்டு உறைத்தது. மார்கழியில் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்து, சூலூர் பஸ் இருட்டிய பிறகு கிளம்பத் தொடங்கியதிலிருந்துதான் நஞ்சுண்டன் அதை ஆரம்பித்தார். “எதுக்கால என்ன வண்டி வருது? ஓரத்துல என்ன நிக்குது? மொதல்ல சொல்றவங்களுக்குத் தேன்மிட்டாய்.” வெளிச்சத்தில் ஒருநாளும் ஆடியதில்லை. லோகப்பிரியாதான் ஜெயிப்பாள்; அதனால் முன் சீட்டு அவளுக்கு. அக்காவுக்காகக் காத்திருந்து அதே பஸ்ஸில் வரும், ஐந்தாவது படிக்கும் தங்கை மோகனப்பிரியா எப்போதும் தோற்பாள். பார்க்காமலே எதையாவது கத்திவிடுவாள்.

இறங்கும்போது நஞ்சுண்டன் குரலைத் தாழ்த்தினார். “ஊட்ல சொல்லிப்போடாத அம்மணி. பகல்ல எனக்கு ஒரு கொறையுமில்ல. லைசென்சு போச்சுன்னா எம்பட பொழப்பே போச்சு.”

அவள் சொல்லிவிட்டாள். தறிக்குடோனில் நின்றிருந்த அப்பா பாலுசாமி சிரித்தார்.

“நஞ்சுண்டனுக்கா கண்ணு தெரியாது? போன வாரம் இங்க வந்தப்ப அறுந்த இழைய எட்ட நின்னே காட்டுனாப்ல. ஸ்பெஷல் கிளாஸுக்கு மட்டம் போடறதுக்கு இப்படியொரு கதையா?”

“இருட்டுனாத்தானுங்ப்பா தெரியறதில்ல. நாளைக்குப் பாப்பாவோட கிளாஸை அவரு பஸ்லதான் வால்பாறைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. எறங்கறப்ப இருட்டிப்போயிருமுங்க.”

“அட போ கண்ணு. அந்தக் கொண்டை ஊசி வளைவையெல்லாம் கண்ணக் கட்டி உட்டாலும் ஓட்டுவாப்ல.”

அவர் தறிப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் சத்தத்தில் மேற்கொண்டு எதுவும் பேச முடியவில்லை.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகும் தங்கை தூங்கவில்லை. முறுக்குப் பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, காச்சலடிக்குதுன்னு சொல்லிப்போடு. நாளைக்குப் போவாத.”

“பொறாமை உனக்கு. முன் சீட்டு எனக்காக்கும். உங்கக்கா எடத்துல நீதான்னு டிரைவரண்ணனே சொல்லிட்டாரு. மலை எறங்கறப்ப பூராவும் வெளையாடலாமாம்.”

 லோகப்பிரியா இருட்டில் தடவித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அது வெளையாட்டு இல்ல பாப்பா. அவருக்கு இருட்டுல ஒண்ணும் தெரியறதில்ல. நாம சொல்றத வெச்சுத்தான் வண்டியே ஓடுது. இன்னிக்கு மாடு முன்னாடியே படுத்திருந்துச்சு, அவரு மரத்தப் பாத்துட்டிருந்தாரு. நீயே சொல்லு, நாளைக்கு மட்டும் போவாம இருக்கறியா?”

“நான் போவலீன்னா, முன் சீட்டுல வேற யாராச்சும் உக்காருவாங்களே.”

 பக்கத்துக் குடோனில் தறி அடித்துக்கொண்டே இருந்தது. தங்கை முறுக்குப் பொட்டலத்தை மெல்லத் தள்ளி வைத்தாள். வெகுநேரம் கழித்து, தூங்கிவிட்டாள் என்று லோகப்பிரியா நினைத்தபோது, அவள் குரல் கேட்டது.

“ஏனக்கா, ரோடு எந்தப் பக்கம் திரும்புதுன்னு எனக்கே தெரியலீன்னா, அண்ணங்கிட்ட என்னன்னு சொல்லட்டும்?”