ஓடாத லேத்துகள்

"மாணவர்களுக்குப் புகார் எதுவும் இல்லை" என்று மினிட்ஸ் புத்தகத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். நடக்காத வகுப்புக் கூட்டத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டின் வகுப்புப் பிரதிநிதி என்பதால் நான் கீழே கையெழுத்துப் போட வேண்டுமாம். மறுநாள் கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஒரு குழு வருகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரிப் பட்டறையில் இரும்பு கடையும் லேத்து ஆறு நிற்கிறது, ஓடுவது ஒன்று. போன மாதம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது, என் வகுப்பு டிஜோவை லேத்து முன்னால் நிறுத்தி டூலைப் பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரெக்கார்டு நோட்டில் படம் மட்டும் வரைந்தவனுக்கு வேறென்ன வரும்?

"ஏம்புள்ள மாரீஸ்வரி, ஒரு கையெழுத்துப் போடறதுக்கு இத்தன ரோசனையா?" என்றார் துறைத்தலைவர் சிவப்பிரகாஷ் சார். கஞ்சிக்கோட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரர், பேச்சில் தேன் ஒழுகும்.

"அஞ்சு லேத்து ஓடலன்னு எழுதிட்டுப் போடுறேன் சார்."

"இன்டர்னல் மார்க்கு ஏங்கையில இருக்குது. மறந்துராத."

மறக்கவில்லை. அந்த மார்க் குறைந்தால் ஒரு வருடம் போச்சு. இடுக்கி எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கும் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது? ஆனாலும் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

அவர் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு நேராக வகுப்புக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இவ எழுதுனது செரின்னு சொல்றவீங்க எந்திரிச்சு ரோல் நம்பரச் சொல்லுங்க. குறிச்சுக்கறேன்" என்று புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் குனிந்து பெஞ்சைப் பார்த்தார்கள். அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தது.

கடைசி பெஞ்சில் டிஜோ எழுந்தான்.

"பதினெட்டு, சார்."

"முப்பத்தொண்ணு."

"நாலு."

அப்புறம் நம்பர்கள் நாலா பக்கமிருந்தும் வந்தன. முன்பெஞ்சு எழவில்லை, அது எப்போதும் அப்படித்தான். சார் ஒரு நம்பரைக்கூடக் குறிக்கவில்லை.

நான் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து, என் பெயர் இருந்த பக்கத்தை மேசைமேல் விரித்து வைத்தேன்.

"சாருக்கு எதுக்கு அந்தச் சிரமம்? ஒவ்வொருத்தரா வாங்க. நம்பரோட கையெழுத்தும் போட்டுட்டுப் போங்க."

டிஜோ முதலில் வந்தான். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான், பேனா இல்லை.

"சார், ஒங்க பேனாவக் கொஞ்சம் குடுங்க" என்று கையை நீட்டினான்.