பூசணிக்காய்க் கூட்டும் ஒரு காலி டப்பாவும்

1

இந்தக் கதை ஒரு வெள்ளைப் பூசணிக்காயில் பிறந்தது. பிறப்பிடத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கல்லூரி ஆண்டு மலருக்கு 'தன்னம்பிக்கை ஊட்டும் சிறுகதை' வேண்டும் என்றார்கள். தன்னம்பிக்கை எங்கே கிடைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா பூசணிக்காயோடு உள்ளே வந்தாள். ஊரெல்லாம் திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிற பொருள் எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பங்கரை வரை வந்துவிட்டது. காரணம், அப்பாவின் வயிறு.

முதல் தொடக்கம்: "கீழ்வானம் சிவக்க, நிலக்கரிச் சுரங்கத்தின் ராட்சத இயந்திரங்கள் சோம்பல் முறித்து—"

(நிறுத்திவிட்டேன். அவை தூங்குவதே இல்லை. பிறகு எங்கே சோம்பல் முறிப்பது.)

இரண்டாம் தொடக்கம்: "பெரியண்ணன் வாந்தி எடுத்தார். அதில் ரத்தம் இருந்தது."

இது நிஜமாக நடந்தது. அதனால் ஆண்டு மலருக்கு ஆகாது என்று அடித்தேன். வேறு எதுவும் வராததால் திரும்ப வைத்துக்கொண்டேன்.

2

பெரியண்ணன் என் அப்பா. [கதைக்காகப் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். "மாத்திட்டா வயித்துப் புண்ணும் அவனுக்குப் போயிடுமா?" என்றார்.] வீடு நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில். வேலை சுரங்கத்தில், கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை வாரிப் போடுவது.

இரைப்பையின் உள்பக்கம் வெந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். காரம், புளி, ஊறுகாய், டீ கூடாது. வெறும் வயிறும் கூடாது. குழைந்த சோறு, மோர், இட்லி, பூசணிக்காய்க் கூட்டு. கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்கு. இன்னொரு தடவை ரத்தம் வந்தால் சுரங்க வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

பெர்மனென்ட் ஆளின் வயிறு எரிந்தால் மெடிக்கல் லீவு. கான்ட்ராக்ட் ஆளின் வயிறு எரிந்தால் வேறு ஆள். ஆகவே புண் எங்கள் குடும்ப ரகசியமானது. யார் கேட்டாலும் "வெயிலுக்கு ஒடம்பு சூடு" என்றோம். நெய்வேலியில் இந்தப் பதிலை யாரும் சந்தேகிப்பதில்லை.

அம்மா சமைத்தாள். கேரியர் தினமும் வழித்துத் துடைத்தது போலத் திரும்பி வந்தது. வயிறு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அம்மா உப்பையும் குறைத்தாள்.*

* இந்த வரியைப் படித்துக் காட்டியபோது செங்கமலம், அதாவது அம்மா, "உப்பக் கொறச்சன்னு எழுதாதடா, எனக்கு ஆக்கத் தெரியலன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள். வாசகர்கள் கவனிக்க: அவளுக்கு ஆக்கத் தெரியும்.

3

டவுன்ஷிப் மார்க்கெட்டில் கருணாகரனைப் பார்த்தோம். திருநெல்வேலிக்காரர், பெர்மனென்ட் ஆபரேட்டர், அப்பாவோடு ஒரே ஷிப்டு. அம்மாவைக் கண்டதும் ஸ்கூட்டரை ஓரங்கட்டினார்.

"மதினி, ஒங்க பூசணிக்கா கூட்டத் தின்னுத் தின்னு என் நெஞ்செரிச்சல் போன எடம் தெரியல பாத்துக்கிடுங்க. மாத்திரையவே விட்டுட்டேன்."

"அம்மாவின் தலையில் இடி—"

(இல்லை. கையிலிருந்த கத்தரிக்காயை மெதுவாகத் தராசில் வைத்தாள். அவ்வளவுதான்.)

4

"அப்ப நீ இன்னாத்த துன்ன?" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"அவரு வூட்டுக் கொழம்ப," என்றார் அப்பா.

"மொளகாய அரைச்சுக் கொட்டுன கொழம்பா?"

"நல்லாத்தான் இருக்குது."

"நல்லா இருக்கும். வயிறு யாருது?"

இங்கே கட்டுரை கொஞ்சம் தேவைப்படுகிறது. சுரங்கத்து ஓய்வு ஷெட்டில் செய்தித்தாளை விரித்து எல்லாக் கேரியரையும் நடுவில் வைப்பார்கள். யாரும் யாருடையதிலும் எடுக்கலாம். கருணாகரன் தன்னுடையதை எல்லோருக்கும் ஊற்றுவார். அப்பாவின் கேரியர் பக்கம் வந்தால் மட்டும் "எனக்குப் போதும்" என்பார். ஏன் என்று அவர் சொன்னதில்லை. அப்பாவும் கேட்டதில்லை.

 காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். புரியாதவர்களுக்கு வாழ்த்துகள், நல்ல இடத்தில் பிறந்திருக்கிறீர்கள்.

"வந்த நாளா நம்ம கேரியர்ல கை வைக்காத மனுசன்," என்றார் அப்பா. "அவருக்கும் நெஞ்செரிச்சல். காரமில்லாத கூட்டப் பாத்துட்டு, அன்னிக்கு அவராவே கைய வுட்டு எடுத்தாரு. அப்புறம் அவரு கொழம்ப மூடியில ஊத்தி நீட்டிக்கினு நிக்கறாரு. வேணாம்னு எப்பிடி சொல்றது?"

"வேணாம்னா இன்னா? வயித்துல புண்ணுன்னு சொல்லு."

"சொன்னா சாயங்காலமே மேஸ்திரிக்குத் தெரியும். காலைல வேற ஆளு நிப்பான்."

எங்கள் வரலாற்றில் முதல்முறையாகச் சமத்துவம் பூசணிக்காய் வழியாக வந்தது. வந்தது அப்பாவின் இரைப்பையைத்தான் தின்றது. [இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "சிரிக்கறதுக்கு எழுதினயா, சிரிக்காம இருக்க எழுதினயா?" என்றார். யோசிக்கிறேன்.]

5

முடிவு அ: பெரியண்ணன் உண்மையைச் சொல்கிறார். கருணாகரன் கண்ணீரோடு கட்டிப்பிடிக்கிறார். மேஸ்திரி கைதட்டுகிறார். (ஆண்டு மலருக்கு ஏற்றது.)

முடிவு ஆ: பெரியண்ணன் ரத்த வாந்தி எடுக்கிறார். கருணாகரன் திருந்துகிறார். (பரிசுக்கு ஏற்றது. ஆனால் ஒருவர் திருந்துவதற்கு என் அப்பாவைத் தர முடியாது.)

முடிவு இ: அம்மாவுடையது. கேரியரில் கூட்டை இரண்டு மடங்கு வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு காலி டப்பாவை வைத்தாள்.

"அவரு ஊத்துனா இதுல வாங்கிக்கோ. எம் பொண்டாட்டிக்கு உங்க ஊரு கொழம்பு மேல ஆசைன்னு சொல்லு."

"உனக்கா ஆச?"

"ஏன், எனக்கு இருக்கக் கூடாதா?"

அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவரு எதிர்க்கத் துன்னாம மூடி வச்சா, நான் ஒதுக்கறன்னு நெனச்சுட்டாருன்னா?"

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அத்த நீதான் அங்க உக்காந்து பாக்கணும். எனக்கு நீ வேணும்."

6

முடிவு இ நடந்தது இன்று காலை. அப்பா முதல் ஷிப்டு போனபின் இந்தக் கடைசிப் பகுதியை எழுத உட்கார்ந்தேன். இப்போது பஸ் வந்துவிட்டது. இறங்கிய அப்பா முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதுகிற வேலை என்னுடையது என்று நினைத்திருப்பார். டப்பாவை என் காகிதத்தின் மேல் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

நான் தூக்கிப் பார்க்கவில்லை. குழம்பு உள்ளே இருந்தால் அவர் வயிறு பிழைத்தது. கருணாகரன் என்ன நினைத்தாரோ தெரியாது. காலியாக இருந்தால் அங்கேயே தின்றிருக்கிறார், நாளைக்கும் கருணாகரனின் குழம்பு மூடி நீளும். மூன்றாவதாக, கருணாகரன் தானாகவே புரிந்துகொண்டு வேறு ஏதாவது வைத்து அனுப்பியிருக்கலாம். அது இருந்தால் நான் இதுவரை கிண்டலாக எழுதியதையெல்லாம் அடிக்க வேண்டியிருக்கும், ஆகவே அதையும் நான் பார்க்கப்போவதில்லை.

நீங்கள் திறவுங்கள். மூடி கொஞ்சம் இறுக்கம், ஓரத்தில் நகத்தை வைத்து நெம்ப வேண்டும். சீக்கிரம். அம்மா தட்டை எடுத்துவைத்துவிட்டு நின்றுகொண்டிருக்கிறாள். நீங்கள் திறக்கும்வரை அவள் உட்காரமாட்டாள்.