பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு போன்

தங்கை ஒரு கைபேசித் தொழிற்சாலையில் அடக்கவிலை போடும் பிரிவில் வேலை பார்த்தாள். ஒரு திருகாணிக்கு ஐந்து காசு குறைந்தாலே அங்கே கைதட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது, அண்ணி வாங்க நினைத்திருந்த போன் தன் தொழிற்சாலையில் செய்வதுதான் என்றும், முப்பதாயிரத்துக்கு விற்கும் அதற்குள் இருக்கும் சாமான் பன்னிரண்டாயிரம்தான் பெறும் என்றும் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அண்ணன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். மீதிப் பதினெட்டாயிரம் யார் பைக்குப் போகிறது என்று கேட்டார். மென்பொருள், விளம்பரம், வரி, கடைக்காரர் கமிஷன், ஓராண்டு உத்தரவாதம் எல்லாம் கழித்தால் கம்பெனிக்கு மிஞ்சுவது இரண்டாயிரத்துச் சொச்சம் என்று தங்கை விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். அவர் காதில் பன்னிரண்டாயிரம் மட்டுமே ஏறியது.

“உங்க அண்ணிக்கு நானே செஞ்சு தரேன்,” என்றார்.

மறுநாளே உதிரிபாகக் கடைகளுக்குப் போனார். திரை ஒன்பதாயிரம் என்றார்கள். அங்கிருந்தே தங்கையைக் கூப்பிட்டு, உங்களுக்கு எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்று விசாரித்தார்.

“மூவாயிரம்ணா. லட்சம் திரை சேர்த்து வாங்கினா.”

லட்சம் திரையை வீட்டில் எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்ததாகப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

ஃப்ரிட்ஜின் பின்மூடியை முடுக்கிப் பழகிய கை. முதல் திரை இரண்டாம் திருகாணியிலேயே விரிசல் விட்டது. இன்னொன்று வாங்கினார். நான்கு நாள் ரிப்பேருக்கு எங்கும் போகவில்லை. யார் யார் வீட்டிலோ பால் திரிந்தது. ஐந்தாம் நாள் போன் உயிர்பெற்றது. இடது கீழ்மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் பேசுவது எதிர்முனைக்குக் கேட்டது. மொத்தச் செலவு நாற்பத்தோராயிரம். அதை அண்ணியும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டுத் தையல்காரர் தனக்கும் ஒன்று வேண்டுமென்று வந்தார். அண்ணன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். சாமான், உடைந்தால் இன்னொரு திரை, நான்கு நாள் கூலி, கெட்டுப்போனால் இவர் வந்து கதவைத் தட்டப்போகும் தொல்லை. கூட்டிப் பார்த்து ஐம்பத்திரண்டாயிரம் என்றார்.

“கடையிலயே முப்பதுதானேங்க?”

“அவங்களுக்குக் கட்டுப்படியாகுது. எனக்கு ஆகலை.”

தையல்காரர் கடைக்கே போனார். கட்டைவிரல் மரத்துப்போன அண்ணியும் தனக்குக் கடைப் போன்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றதால், அடுத்த வாரம் தங்கையையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனார்கள்.

அண்ணன் பேரம் பேசவே இல்லை. முப்பதாயிரத்தை விற்பனையாளர் முன்னால் எடுத்து வைத்துவிட்டு, “இந்த விலைக்குக் குடுத்தா உங்களுக்குக் கட்டுதா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. விற்பனையாளர் சற்றே தடுமாறி, பிறகு தெம்பாகி, போனுக்கு ஓர் உறை எடுத்து நீட்டினார். தொள்ளாயிரம். அண்ணன் விடவில்லை. கால் மணி நேரம் வாதாடி எண்ணூற்றைம்பதுக்கு இறக்கி, வெற்றி பெற்றவராகத் திரும்பிப் பார்த்தார்.

அதன் அசல் விலை என்னவென்று அண்ணி தங்கையின் காதோரம் கேட்டாள். நாற்பது ரூபாய்க்குள் அடங்கும் சமாச்சாரம் அது.

“அது வேற டிபார்ட்மென்ட் அண்ணி,” என்றாள் தங்கை.