நூற்றுப் பதினேழாம் ஆணி

கார்த்திகைத் தீபத்தன்று காலையில், அடி அண்ணாமலையில் தன் வீட்டுக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த வேடியப்பனின் இடுப்பைப் பார்த்துக் கன்னியம்மாள் சிரித்தாள். மூன்றாண்டுக்குப் பிறகு முந்தின நாள்தான் ஊர் வந்து சேர்ந்த கணவனைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு முழு உரிமையும் இருந்தது.

“இன்னாய்யா இது, அரைஞாண் கயித்துல பித்தளை வில்லை? மாட்டுக்குக் கட்டற மாதிரி!”

வேடியப்பன் குனிந்து பார்த்தான். கையிலிருந்த செம்பு நழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது. வில்லையில் 117 என்று பொறித்திருந்தது.

“கன்னி, நான் பூமிக்குள்ள கீறேன்டி.”

“காலங்காத்தாலயே ஊத்திக்கினியா?”

அவன் குடித்திருக்கவில்லை. இராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் ஒரு தாமிரச் சுரங்கத்தில் அவனுக்கு வெடி வைக்கும் வேலை. குழிவாசலில் ஒரு பலகை, பலகையில் ஆளுக்கோர் ஆணி, ஆணிக்கொரு வில்லை. உள்ளே இறங்குகிறவன் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் மாட்டுவான். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். அதற்கு மேல்முறையீடு கிடையாது. மற்றவர்கள் வில்லையைக் கழுத்தில் கோத்துக்கொண்டார்கள். அது தாலிபோல் இருப்பதாகச் சொல்லி வேடியப்பன் மட்டும் அரைஞாணில் முடிந்துகொண்டான். ஐந்தாண்டுப் பழக்கத்தில் அது தொப்புளைப்போல் உடம்போடு ஒன்றாகிவிட்டது, இருப்பதே தெரிவதில்லை.

ஐந்து நாளுக்கு முன் அவன் விடுப்புக் கேட்டான். “மலையில் விளக்கேற்ற அங்கே வேறு ஆள் இல்லையா?” என்று மேலாளர் மறுத்துவிட்டார். இத்தனை பெரிய கேள்வியைக் கேட்கத் தெரிந்த மனிதருக்கு, மூன்றாண்டாக ஒருவன் மனைவியைப் பார்க்கவில்லை என்னும் சிறிய செய்தி புரியவில்லை. அன்று மாலை குழியிலிருந்து மேலே வந்ததும், மேலாளர் கண்ணில் படாமலிருக்கப் பலகைப் பக்கமே போகாமல், கொட்டகைக்குப் பின்புறமாக நடந்து, உப்பு ஏற்றிப் போன ஒரு லாரியில் தொற்றிக்கொண்டான். கூட வேலை செய்யும் நண்பன் பன்வர்லாலிடம்கூடச் சொல்லவில்லை. பன்வர்லாலுக்குப் பொய் சொல்ல வராது.

இப்போது வேடியப்பனின் நினைவுக்கு முதலில் வந்தவன் அந்தப் பன்வர்லால்தான்.

அந்தச் சுரங்கத்தை ஓர் அரசர் வெட்டியதாக வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். அரசர் கடப்பாரையைத் தொட்டார் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. தொட்டவர்கள் பன்வர்லாலின் முன்னோர். ஆடு மேய்த்த அவர்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் மார்பளவுக்குப் பொந்து குடைந்து, மண்விளக்கோடு வயிற்றால் ஊர்ந்துபோய்க் கல்லைப் பெயர்த்தார்கள். அவர்களுடைய பெண்கள் அதை ஆட்டுத்தோல் பையில் போட்டு வெளியே இழுத்து வந்தார்கள். உருக்கிய செம்பு கோட்டைக்குப் போய் அண்டாவாயிற்று. தோண்டியவன் மண்சட்டியில் கம்பங்கூழ் குடித்தான். பிறகு வெள்ளைக்காரக் கம்பெனி வந்தது. முடிந்த மட்டும் சுரண்டிவிட்டு, நட்டம் என்று சொல்லி நடையைக் கட்டியது. அதன் பிறகு அரசாங்கம் வந்து ஆழமாகக் குழி இறக்கியது. வெடி வைக்கத் தெரிந்தவர்கள் வேண்டுமென்று கோலார்த் தங்கவயலில் வேலை பார்த்த தமிழர்களை ரயிலேற்றி வரவழைத்தது. பத்துத் தலைமுறையாக அந்த மலையைக் குடைந்தவர்களின் பேரனுக்குக் கல் அள்ளும் வேலை கிடைத்தது. இதற்கு ‘முன்னேற்றம்’ என்று பெயர் வைத்து, மாலை போட்டு, புகைப்படமும் எடுத்தார்கள்.

அந்தப் பழைய பொந்துகள் புதிய குழியின் ஓரத்தில் இன்னும் இருந்தன. அவற்றின் கூரைக்கு முட்டுக் கிடையாது. ஆனால் உள்ளே குளுமை. நண்பகல் இடைவேளையில் வேடியப்பன் அங்கே போய்த் தூங்குவான். அது பன்வர்லால் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆள் காணாமற்போனால் முதல் ஐந்து நாள் புதிய பாதைகளில் தேடுவார்கள். ஆறாம் நாள்தான் பொந்துகளில் நுழைய விடுவார்கள். போன ஆண்டு அப்படி ஒருவனைத் தேடப் போன இரண்டு பேர்மேல் கூரை இறங்கியது.

“இன்னிக்கு அஞ்சாம் நாளு. நாளைக்குக் காலைல அவன்தான் மொதல்ல நுழைவான், கன்னி. நான் தூங்கற எடம் அவனுக்குத்தான் தெரியும்.”

கன்னியம்மாள் அதற்குமேல் சிரிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

தந்தி கொடுக்கத் திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். பேருந்தை நிறுத்திவிட்டார்கள். வடக்குப் பாதையைக் காவலர்கள் அடைத்திருந்தார்கள். ஆகவே, மலையை வலம் வந்த கூட்டத்துக்கு எதிராக இருவரும் நடந்தார்கள்.

“யோவ், நல்ல நாள் அதுவுமா மலைய எடமா சுத்தறியே, பாவம்யா!” என்று ஒரு பக்தர் கத்தினார்.

“அது நவுராதுங்க. நீங்க போங்க” என்றான் வேடியப்பன்.

தந்தி அலுவலகத்தில் இராமலிங்கம் என்னும் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் கோயிலுக்குள் போவதற்கான சிறப்பு அனுமதிச் சீட்டு எல்லாரும் பார்க்கும்படி நீட்டிக்கொண்டிருந்தது.

“இன்னா சேதி?”

“‘நான் உயிரோட ஊர்ல கீறேன், தேடாதீங்க.’ இன்னிக்கே போய்ச் சேரணும் சார்.”

“நாளன்னிக்குப் போவும்.”

“அவசரத் தந்தி சார்!”

“அவசரம்தான்யா நாளன்னிக்கு. சாதான்னா அடுத்த வாரம். மந்திரிங்க வராங்க, அவுங்களுக்கு ரூம், அவுங்க மச்சானுக்கு ரூம், எல்லாம் இந்த ஒரே லைன்லதான் போவுது. டிரங்க் கால் கேக்கவே கேக்காத.”

“ஒரு ஆளு உயிரு சார்.”

“உயிரோட இருக்கறதெல்லாம் ஒரு சேதியாய்யா? இன்னிக்கு இந்த ஊர்ல ரெண்டு லட்சம் பேரு உயிரோட கீறாங்க. அத்தினி பேரும் தந்தி குடுத்தா நான் இன்னா ஆவறது? சாவுத் தந்தினா சொல்லு, மந்திரிக்கு முன்னாடி அனுப்பறேன்.”

“சாவத் தடுக்கற தந்தி சார் இது!”

“அதுக்கு ரூல் இல்ல. செத்தப்பறம் வா.”

விதி எவ்வளவு கெட்டியான பாறையாக இருந்தாலும் எங்கே துளை போட்டால் வெடிக்கும் என்று பார்ப்பதுதான் வேடியப்பனின் தொழில்.

“சரி சார். நான் செத்துட்டேன்னு எழுதுங்க. ‘வேடியப்பன் திருவண்ணாமலையில் இறந்தான். வில்லை 117 அவன் உடம்பில் இருக்கிறது.’ போதுமா?”

அச்செய்தி உண்மையா என்று இராமலிங்கம் கேட்கவில்லை. அது அவர் துறையன்று. “செத்தவன் கையெழுத்துப் போடக்கூடாது. சம்சாரம் போடணும்” என்று மட்டும் சொன்னார்.

கன்னியம்மாள் இரண்டடி பின்வாங்கினாள்.

“போய்யா! கழுத்துல கயித்தோட, தீபத்தன்னிக்கு, நீ செத்துட்டன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? மூணு வருசம் கழிச்சு வந்தது இதுக்குத்தானா?”

“சும்மா காயிதம்டி.”

“உனக்குச் சும்மா. நாக்குல வந்தது பலிச்சுட்டா?”

பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. இராமலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேடியப்பன் வில்லையை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தாளு பொண்டாட்டி பேரு இன்னா?”

“தாப்பு.”

“எத்தினி புள்ளைங்க?”

“நாலு. கடசி கைக்கொழந்த.”

அவள் பேனாவை வெடுக்கென்று பிடுங்கினாள். “எங்க போடணும்? காட்டு. ஆனா பொட்ட அழிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“அதுக்குக் கட்டம் எதுவும் இல்லம்மா இதுல” என்றார் இராமலிங்கம், படிவத்தைச் சரிபார்த்தபடி.

அன்று மாலை மலையுச்சியில் தீபம் எரிந்தபோது ஊர் முழுவதும் ‘அரோகரா’ என்று அண்ணாந்து பார்த்தது. வேடியப்பன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மேலாளரிடமிருந்து பதில் தந்தி வந்தது. வாங்கிக்கொண்டவன் வேடியப்பனே. “யாருக்குப்பா துக்கம்?” என்று கேட்ட தபால்காரரிடம், “எனக்குத்தாங்க” என்று சொல்லி அவரைத் திகைக்க வைத்தான். பிரிந்த ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்று மேலாளர் வேண்டியிருந்தார். விடுப்புத் தராத மனிதர் சாந்தியைத் தாராளமாகத் தந்தார். பன்வர்லாலைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிரிந்த ஆன்மா ஒரு வாரம் உறங்கவுமில்லை, சரியாக உண்ணவுமில்லை.

ஒன்பதாம் நாள் நண்பகலில் வாசலில் நெடிய உருவம் ஒன்று வந்து நின்றது. தோளில் கம்பளி, தலை முழுவதும் புதிதாக மழித்த மொட்டை. இரத்த உறவு இறந்தால் மட்டுமே தலையை மழிப்பது அவர்கள் வழக்கம்.

“பன்வர்!” என்று வேடியப்பன் ஓடினான்.

பன்வர்லால் அவனை மேலும் கீழும் பார்த்தான். கன்னத்தைத் தொட்டான். பிறகு அதே கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். பன்வர்லாலுக்குத் தமிழில் பதினொரு சொற்கள் தெரியும். எல்லாம் கோலார்க்காரர்கள் கற்றுக்கொடுத்தவை. ‘சோறு’, ‘தண்ணி’ நீங்கலாக மற்ற ஒன்பதும் அச்சில் ஏறக்கூடாதவை. அந்த ஒன்பதையும் அழுதுகொண்டே, ஒன்றுகூட விடாமல், இரண்டு முறை சொன்னான்.

உள்ளிருந்து வந்த கன்னியம்மாள் திடுக்கிட்டாள். “இன்னாய்யா சொல்றாரு?”

“துக்கம் விசாரிக்கறாரு.”

பன்வர்லால் கம்பளி முடிச்சை அவிழ்த்து, ஒரு துருப்பிடித்த ஆணியை எடுத்து அவளிடம் நீட்டினான். இறந்தவனின் ஆணியைப் பலகையிலிருந்து பிடுங்கி வீட்டில் சேர்ப்பது அந்தச் சுரங்கத்தார் மரபு. அதற்காகத்தான் நாலு நாள் ரயிலில் வந்திருந்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு, அம்மிக் குழவியால் வாசற்படிக்கு மேலே சுவரில் அறைந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த 117ஐ அதில் மாட்டினாள்.

“இவரக் குளிக்கச் சொல்லு, சோறு போடறேன்” என்றாள். “நீ போய்க் கிணத்துல விழுந்த செம்ப எடு. எறங்கறதுக்கு முன்னாடி இந்த வில்லைய எடுத்து இடுப்புல கட்டிக்க. ஏறி வந்ததும் மறக்காம மாட்டு.”