இருபதாவது பல்

சனிக்கிழமைதோறும் நடக்கும் அந்த இலவசப் பல் மருத்துவ மையத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். முதல் மூன்று நாற்காலிகளில் வேலை செய்யும் மாணவர்களுக்கும் அக்கா, அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவரான மேற்பார்வை டாக்டருக்கும் அக்கா. நாலாவது நாற்காலி அவளுடையது. நாற்பத்து மூன்று வயதில் இறுதியாண்டு மாணவி. அதற்கு முன் பதினைந்து வருஷம் கல்லூரி மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். யார் யாரோ பல் பிடுங்க, இவள் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தே தோள்பட்டை தேய்ந்தது. கடைசியில் ஒருநாள், இந்தக் குழாய்க்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டாள்.

சுவரில் ஒட்டியிருந்த மாணவர் விதிகள் பதினொன்றையும் அந்தக் காலத்தில் டைப் அடித்தது அவள்தான். மாணவர் என்பதை முதலிலேயே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். மேற்பார்வை டாக்டர் அறையில் இல்லாதபோது யார் கையும் யார் வாயிலும் இருக்கக் கூடாது. ஊசிக்கு முன் டாக்டரின் ஒரு கையெழுத்து, பல் பிடுங்கும் இடுக்கிக்கு முன் இன்னொன்று. பதினொன்றாவதுதான் எல்லாரும் பயப்படும் விதி. பக்கம் மாறி ஊசியோ இடுக்கியோ போனால், காரணமான மாணவர் கையுறையைக் கழற்றிவிட்டு, நடந்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அன்றைக்கு அதோடு சரி, வேறு எந்த நோயாளியையும் தொடக் கூடாது. டைப் அடித்தபோது அது அவளுக்கு வெறும் கடைசி வரி, அடித்து முடித்ததும் டீ குடிக்கப் போய்விட்டாள்.

இறுதித் தேர்வில் உட்கார, டாக்டர் கண் முன்னால் இருபது பல் பிடுங்கியிருக்க வேண்டும். அக்கா பத்தொன்பது முடித்திருந்தாள். திங்கட்கிழமை தேர்வுப் பட்டியல் போய்விடும். அதற்கு முன் இருக்கிற ஒரே சனிக்கிழமை இதுதான். ஒரு பல் குறைந்தால் ஒரு வருஷம் போச்சு. அவள் படிப்புக்காக வீட்டுக்காரர் ஐந்து வருஷமாகக் கிடங்கில் ராத்திரி வேலை பார்க்கிறார். பகலில் அவர் தூங்க, இவளும் மகளும் ஒரே சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வாய் திறக்காமல் படிப்பார்கள். இன்று காலை அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது இவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றியபடியே, "அந்த ஒரு பல்லைப் புடுங்கிட்டு வா. நான் ராத்திரி வேலைக்கு முழுக்குப் போட்டுடறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்கள் மட்டும் எப்போதும் போல் சிவந்திருந்தன.

அந்த ஒரு பல் மதியம் ஒரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் அம்மாள் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து வரிசையில் கால் கடுக்க நின்றிருக்கிறாள். கீழே இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லும் சொத்தை. எந்தப் பக்கம் அதிகம் வலிக்கிறது என்று கேட்டால், தலை மொத்தமும் வலிக்கிறது, மூன்று வாரமாகத் தூக்கமில்லை என்கிறாள். விதிப்படி, தான் மாணவிதான் என்று அக்கா சொன்னதும் அந்த அம்மாள் வலியையும் மறந்து நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

மேலே பார்த்தால் இரண்டு பல்லும் ஒரே மாதிரிதான் இருந்தன. எக்ஸ்ரே படத்தில்தான் வித்தியாசம். ஒன்றில் வேர் அடியில் கருப்பாகச் சீழ் கட்டியிருந்தது, அதைப் பிடுங்கியே ஆக வேண்டும். மற்றதை அடைத்தால் போதும், இன்னும் பல வருஷம் உழைக்கும். டாக்டர் விளக்குப் பலகையில் படங்களைப் பார்த்து, பிடுங்க வேண்டியது இடது பக்கம் என்றார். அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம், வீட்டில் கைக்குழந்தை. ஊசிக்கான கையெழுத்தைப் போட்டார், அவள் ஊசி போடும்வரை பக்கத்திலேயே நின்றார், பிறகு இரண்டாவது நாற்காலிக்குப் போனார். மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும். அக்கா பழைய கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுசு போடுவதற்கு முன் படத்தை இன்னொரு தரம் பார்க்கப் போனாள். கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு, படத்தின் மூலையை விரலால் பிடித்தாள்.

விரலுக்குக் குழி தட்டுப்பட்டது.

இங்கே இருப்பது யாரோ தானம் கொடுத்த பழைய எக்ஸ்ரே இயந்திரம். படம் சின்னச் சின்ன ஃபிலிமாக வரும். ஒவ்வொன்றின் மூலையிலும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மேடு இருக்கும், அதன் பின்பக்கம் குழியாக இருக்கும். மேடு நம்மைப் பார்த்தால் படம் சரி. குழி நம்மைப் பார்த்தால் படம் புரண்டிருக்கிறது, இடது வலதாகிவிடும். அவள் வயதுக்கு அந்த மேடு கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பார்க்க வேண்டும். இன்றைக்கு எல்லாப் படங்களையும் கழுவிக் காயப்போட்டது அவள்தான். தலைக்கு மேல் வேலை கிடந்த அவசரத்தில் கையுறையைக் கழற்றாமல், தடவிப் பார்க்காமல் வரிசையாக மாட்டிவிட்டாள். உறை மாட்டிய விரலுக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

அந்த அம்மாளின் இரண்டு படமுமே புரண்டிருந்தன. ஊசி போன பக்கம், காப்பாற்ற வேண்டிய பல்லின் பக்கம்.

அக்கா படத்தைத் திருப்பி இன்னொரு தரம் தடவினாள். முதலில் வந்த நினைப்பு என்னவோ அவ்வளவு நல்ல நினைப்பில்லை. இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை. டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, வலது பக்கமும் ஊசி போட்டு, தாளில் ஒரு சொல்லைத் திருத்தினால் ஆயிற்று. அந்த அம்மாளுக்கு நஷ்டம் கூடுதலாக ஓர் ஊசி, அவ்வளவுதான். வீட்டுக்காரரின் சிவந்த கண் ஒரு தரம் வந்து போனது. அப்போதுதான் மற்ற மூன்று நாற்காலிகளுக்கும் படம் மாட்டியது இதே கைதான் என்பது உறைத்தது. மூன்றாவது நாற்காலி மாணவன் இடுக்கியைக் கையில் எடுத்துவிட்டான்.

"எல்லாரும் வாயிலருந்து கைய எடுங்க" என்றாள் அக்கா. கத்தவில்லை, ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது.

டாக்டர் ஓடிவந்தார். மூன்று விளக்குப் பலகைகளிலும் ஒவ்வொரு படமாகத் தடவிப் பார்த்தார்கள். முதல் நாற்காலியில் மேடு, இரண்டாவதில் மேடு, மூன்றாவதில் குழி. அந்த மாணவன் இடுக்கியைத் தட்டில் வைத்தான். நாற்காலியில் வாய் பிளந்து கிடந்த பெரியவருக்கு, தன் நல்ல பல் ஒன்று தப்பிப் பிழைத்த விஷயம் தெரியாது. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

டாக்டர் அக்காவைப் படம் கழுவும் அறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது தான்தான், பதிவேட்டில் தன் பெயரையும் எழுதிவிடுவதாகச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. பதிவேட்டைச் சாயங்காலம் எழுதிக்கொள்ளலாமாம். முதலில் வலது பக்கம் ஊசி போட்டு அவள் அந்தப் பல்லை எடுத்துவிட வேண்டுமாம். மற்ற மூன்று பேரும் வாயே திறக்க மாட்டார்களாம்.

"இருபதாவது பல்லு அக்கா. எனக்குத் தெரியாதா? ஒரு வருஷம் அக்கா."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் எதிரே நிற்பவரும் ஒருகாலத்தில் இறுதியாண்டு மாணவர். இதே போல் பக்கம் மாறி ஊசி போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாதீங்க அக்கா என்று கெஞ்சியவர். போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னது இவள்தான். சாமான் அறைக்குப் பின்னால் நின்று அவர் அழுததும் இவளுக்குத் தெரியும்.

"அன்னிக்கு உங்களை நான் விட்டேனா டாக்டர்?"

அவர் ஒதுங்கி வழி விட்டார்.

அக்கா பதிவேட்டை எடுத்து நின்றபடியே எழுதினாள். பிறகு அந்த அம்மாளிடம் போய்க் குனிந்தாள். "தப்பான பக்கம் ஊசி போட்டுட்டேங்க. படத்தை மாத்தி மாட்டினது நான்தான். மன்னிச்சுக்குங்க. இனி டாக்டரே எடுத்துடுவாரு."

"புடுங்கிடலையே?" என்றாள் அந்த அம்மாள், கோணிய வாயால்.

"இல்லைங்க."

"அப்புறம் என்ன, விடுங்க."

டாக்டர் வலது பக்கம் ஊசி போட்டார். மற்ற மாணவர்களுக்குக் கை ஒழியவில்லை, உறிஞ்சு குழாயைப் பிடிக்க ஆள் இல்லை. பதினொன்றாவது விதி, நோயாளியைத் தொடக் கூடாது என்கிறது. குழாயைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லை. அக்கா பழைய இடத்தில், பழைய தோளோடு, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல் லேசில் வரவில்லை. வந்து தட்டில் விழுந்தபோது அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையால் வந்திருக்க வேண்டிய பல். முகமூடி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

டாக்டர் கை கழுவப் போனார். அந்த அம்மாள் பஞ்சைக் கடித்தபடி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கன்னமும் மரத்திருந்தன. யாரையோ தேடுவது போல் பார்த்து, அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணை அடைக்க அடுத்த வாரம் வரச் சொன்னாரு. நீங்க இருப்பீங்கல்ல, டாக்டரம்மா?"

"இருப்பேன்" என்றாள் அக்கா. "அடுத்த வருஷமும் இருப்பேன்."