வெள்ளிக்கிழமை விரதம்

யாழ்ப்பாணத்தில் காடு எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் பல்கலைக்கழகத்தில் ஒருவருமில்லை. பத்மாசினி தாவரவியலில் தற்காலிக விரிவுரையாளர். கண்டல் காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். சேற்றில் நிற்கும் அந்தக் குட்டை மரங்களைக் காடு என்று சொல்ல அவளுக்கே சில நாள் கூச்சமாக இருக்கும். ஆனால் ஆராய்ச்சி முடிந்து பட்டம் கிடைத்தால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தொண்டைமானாற்று நீரேரிக் கரையில் இரண்டு துண்டு நிலம். ஒன்றைக் கம்பி போட்டு அடைத்தாள். மற்றதை ஊர்ப் பெண்கள் வழக்கம்போல விறகு முறிக்கட்டும் என்று திறந்து விட்டாள். மூன்று வருடத்தில் இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை அளந்தால், வெட்டினால் காடு என்னாகும் என்று எழுதிவிடலாம்.

வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு வகுப்பில்லை. பஸ் ஏறிப் போவாள். சேற்று நாற்றமும் நுளம்புக்கடியும் பொறுக்காமல் வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு இறங்கி, மரம் மரமாக அளப்பாள். கரையில் வலை காயப்போடும் சனங்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கேள்வி கேட்டே ஆளைத் துளைத்தெடுக்கிற யாழ்ப்பாணத்தில், ஆரின்ரை பிள்ளை என்றுகூடக் கேட்காத ஓர் ஊர்! தன்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினாள். அறைக்குத் திரும்பினாலும் பேச ஆளில்லை. பல வெள்ளிக்கிழமைகளில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

திறந்த துண்டில் ஒருவரும் கை வைக்கவில்லை என்பது முதல் வருடமே தெரிந்தது. முகம் கொடுக்காதவர்களிடம் எப்படிக் கேட்பது? அடுத்த வருடம் வெட்டுவார்கள் என்று இருந்துவிட்டாள்.

மூன்றாம் வருட முடிவில், எழுபத்தெட்டில், பேராசிரியர் தில்லைநாதன் வந்து பார்த்தார். இரண்டு துண்டும் ஒரே செழிப்பு.

"வித்தியாசம் இல்லாட்டி ஆராய்ச்சியே இல்லை," என்றார். "இன்னும் ஒரு வருசம் தாறன். ஏன் சனம் வெட்டுறேல்லை எண்டு போய்க் கேளும். இல்லாட்டி உம்மடை வேலைக்கு நான் பொறுப்பில்லை."

அடுத்த வெள்ளிக்கிழமை துணி கட்டாமல் நேரே கரைக்குப் போனாள். மகாதேவி என்ற நடுத்தர வயதுப் பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏன் உந்தத் துண்டிலை ஒருத்தரும் விறகு முறிக்கிறேல்லை?"

மகாதேவியின் முகம் மலர்ந்தது. "கதைச்சிட்டியள்! நேர்த்திக்கடன் முடிஞ்சுதோ?"

"என்ன நேர்த்தி?"

"எங்கடை சந்நிதி முருகன் கோயிலிலை பூசகர் துணியாலை வாயைக் கட்டிக்கொண்டு, கதையாமல்தானே பூசை செய்யிறவர். நீங்களும் வெள்ளிக்கு வெள்ளி வாயைக் கட்டிக்கொண்டு மரத்தைத் தொட்டுத் தொட்டு வருவியள். விரதத்தைக் குழப்பக்கூடாது எண்டுதான் நாங்கள் கதைக்கேல்லை. நீங்கள் தொட்ட மரத்திலை கத்தி வைப்பமோ?"

பத்மாசினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஊரே அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கேயே குந்தியிருந்து பொழுதுபடும் வரை கதைக்க வேண்டும் போலிருந்தது.

"என்னத்துக்கு நேர்த்தி, பிள்ளை?"

எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. "வேலை நிரந்தரமாக வேணும்," என்றாள். அது பொய்யுமில்லை.

"கிடைச்சுதோ?"

"இல்லை அக்கா. அதுதான்..."

மகாதேவி பதறி எழும்பினாள். "ஐயோ, கிடைக்க முந்தி வாயைத் திறக்கப் பண்ணிப்போட்டனே! முருகா! பயப்பிடாதேங்கோ. கிடைக்கும் வரைக்கும் உந்த மரத்திலை ஒருத்தரும் கை வைக்கமாட்டினம். நான் பாத்துக்கொள்ளுறன்."

"அக்கா, நில்லுங்கோ, நான் சொல்லுறதைக் கேளுங்கோ..."

மகாதேவி நிற்கவில்லை. வலைக்காரரிடம் ஓடிப்போய் ஏதோ சொன்னாள். அவர்கள் எல்லோரும் எழுந்து பத்மாசினியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் விலகிப் போனார்கள்.