எதிர்ப்பு ஒன்று

புயல் என்று சொன்னால் பெரிய வார்த்தை. புதன்கிழமை சாயங்காலம் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது, ஆடியது, போய்விட்டது. அதற்குள் மலேசியாவில் அசாம் ஜாவா பக்கத்துப் பழைய தோட்டக் குடியிருப்பில் வேலம்மாவின் வீட்டுக் கூரை மொத்தமும் பறந்து செம்பனைக் காட்டுக்குள் கிழிந்து கிடந்தது. இளைஞர் மன்றத்துக் கூரையில் பாதி மிஞ்சியது.

இளைஞர் மன்றம் என்று பெயர்தான். தலைவர் சுகுமாறனுக்கு அறுபத்தெட்டு வயது. செயலாளர் குமுதாவும் பொருளாளர் கார்த்திகேசுவும் அவரைவிடக் கொஞ்சம் இளையவர்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மிஞ்சிய உறுப்பினர்கள் இந்த மூன்று பேர்தான். பிள்ளைகளெல்லாம் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள்.

ஒரு காலத்தில் அங்கே என்ன சண்டை நடந்தது தெரியுமா? விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு கோப்பையா, பிளாஸ்டிக் வாளியா என்று விடிய விடிய வாதாடினார்கள். வாளிக் கட்சி ஜெயித்தது. கோப்பைக் கட்சி ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. சுகுமாறன் ஏங்கியதெல்லாம் அந்தச் சண்டைக்குத்தான். இப்போது அவர் எதைச் சொன்னாலும் மற்ற இருவரும் "சரி" என்றார்கள். அந்தச் "சரி" அவருக்குக் கசந்தது.

சனிக்கிழமை காலையில் வேலம்மாவின் மகன் வாசு ரவாங்கிலிருந்து ஏணியோடு வந்தான். கடைகளில் கூரைத் தகரம் தீர்ந்துவிட்டது. மன்றத்தில் மிஞ்சியதைக் கழற்றிக் கொடுக்கலாம், அதற்கு முதலில் கூட்டம் போட வேண்டும் என்று சுகுமாறனே சொன்னார். கூரையில்லாத மன்றத்துக்குத் தலைவர் எதற்கு, இதுவே கடைசிக் கூட்டமாக இருக்கட்டும் என்றும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

"கூட்டமா? மழ வருது லா, அங்கிள். அப்பறம் வைக்கலாம்," என்றான் வாசு.

"மன்றத்துப் பொருள மன்றந்தான் குடுக்கணும், தம்பி. நான் தனியா எடுத்துக் குடுத்தா அது திருட்டு."

மன்றத்துப் பொருளைக் கொடுக்கும் கூட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும் என்று குமுதா நினைவூட்டினாள். வெளியூரில் இருப்பதால் வாசு சேர முடியாது. அந்த நேரத்தில் வேலம்மா தேநீர்க் கூஜாவோடு வந்தாள். முப்பது வருடமாக எல்லாக் கூட்டத்துக்கும் தேநீர் போட்டவள் அவள்தான்.

"அக்கா, நீங்க மன்றத்துல சேந்துடுங்களேன்," என்றார் சுகுமாறன்.

"இத்தன வருஷமா யாரும் கேக்கலயே," என்றாள் வேலம்மா. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தகரத்தைக் கொடுக்கும் தீர்மானத்தைச் சுகுமாறன் முன்மொழிந்தார், கார்த்திகேசு வழிமொழிந்தார். எதிர்ப்பு உண்டா என்று வழக்கத்துக்குக் கேட்டு வைத்தார் தலைவர். வேலம்மா கையைத் தூக்கினாள்.

"எனக்குச் சம்மதம் இல்ல, தம்பி. என் வீட்டுக்காரரு தோளுல தூக்கிட்டு வந்து போட்ட தகரம் இது. மன்றத்த மொட்டையடிச்சிட்டு நா எப்படி உள்ள தூங்குவேன்? எனக்கு மேல கட்ட கென்வாஸ் துணி போதும்."

"கென்வாஸ் ஒரு மழைக்குத் தாங்காதுக்கா," என்றார் கார்த்திகேசு.

"தாங்கும். நீ வந்து படுத்துப் பாத்தியா?"

"காத்துல கூரை போனா போட்டுக் குடுக்கத்தானேக்கா மன்றமே ஆரம்பிச்சோம்," என்று குமுதாவும் குரலை உயர்த்தினாள்.

ஏணியில் நின்ற வாசு தலையில் அடித்துக்கொண்டான். சுகுமாறனோ யாரையும் அடக்கவில்லை. வாளிக் கட்சியும் கோப்பைக் கட்சியும் திரும்பி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எத்தனை வருடமாயிற்று, இந்த மண்டபத்தில் ஒருவர் "முடியாது" என்று சொல்லி. அவருக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான்.

இடி ஒன்று உறுமிய பிறகுதான் ஓட்டுக்கு விட்டார். மூன்றுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது. வாசு அடுத்த நொடியே ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தான்.

கடைசித் தகரத்தை வேலம்மா வீட்டில் அடித்து முடித்த கையோடு மழை கொட்டியது. மன்றத்து நாற்காலிகள் அங்கே நனைந்துகொண்டிருந்தன. நான்கு உறுப்பினர்களும் வேலம்மாவின் கூடத்தில் தேநீர் குடித்தார்கள். அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குமுதா, எதிர்ப்பு ஒன்னுன்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா."

"சரி. அடுத்த கூட்டம் எங்க?"

சுகுமாறன் காலையில் எடுத்த முடிவை யாரிடமும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"இங்கதான்," என்றார். "மன்றத்துக் கூரை இங்கதானக்கா இருக்கு."